மாநிலம் தாண்டி விற்கப்படும் துப்பாக்கி: அனுப்பும் வழிகளும் பணம் பெறும் முறைகளும்

1963-ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில், சிகாகோவில் இருந்த கிளைன்ஸ் என்ற விளையாட்டுப் பொருள் கடைக்கு டல்லாஸிலிருந்து 21 டாலர் 45 சென்டுக்கான தபால் மணியார்டர் ஒன்று வந்து சேர்ந்தது. அதில் 19 டாலர் 95 சென்ட் தொலைநோக்கி பொருத்திய ஓர் இத்தாலிய ரைஃபிளுக்கான விலை. மீதி தபால் செலவு. பொய்ப்பெயரில் ஒரு தபால்பெட்டி முகவரிக்கு அனுப்பப்பட்ட அந்த ரைஃபிளைக் கொண்டுதான் லீ ஹார்வி ஆஸ்வால்ட் அதே ஆண்டு நவம்பரில் கென்னடியைச் சுட்டார் என்று வாரன் ஆணையம் முடிவுக்கு வந்தது. அவர் லாஸ் ஏஞ்சலிஸ் நிறுவனம் ஒன்றிடமிருந்து வாங்கிய ரிவால்வரோ வேறு வழியில் வந்தது. மறைத்து வைக்கத்தக்க துப்பாக்கிகளை அஞ்சலில் அனுப்ப 1927-ஆம் ஆண்டே தடை வந்துவிட்டதால், அது ரயில்வே எக்ஸ்பிரஸ் என்ற தனியார் சரக்குச் சேவையில், பொருளைப் பெறும்போது மீதிப் பணத்தைச் செலுத்தும் ஏற்பாட்டில் அனுப்பப்பட்டது. பொருள் எப்படிப் போகிறது, பணம் எப்படி வருகிறது என்ற இரண்டு கேள்விகளும் அன்றே ஒன்றோடொன்று பிணைந்திருந்தன.

அந்த அஞ்சல்வழி வணிகத்துக்கு முடிவு கட்டியது 1968-ஆம் ஆண்டின் துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டம். அமெரிக்காவில் இன்று இணையத்தில் தன் துப்பாக்கியை விற்க நினைக்கும் தனிநபர் எவரும் தொடங்க வேண்டிய இடமும் அதுவே. உரிமம் இல்லாத ஒருவர், வேறு மாநிலத்தில் வசிக்கும் உரிமம் இல்லாத இன்னொருவருக்குத் துப்பாக்கியை நேரடியாகக் கொடுக்கவோ அனுப்பவோ கூடாது. அது வாங்குபவரின் மாநிலத்தில் உள்ள கூட்டாட்சி உரிமம் பெற்ற வணிகர் ஒருவரிடம் போய்ச் சேர வேண்டும். அவர் அதைத் தம் பதிவேட்டில் ஏற்றி, வாங்குபவரை 4473 என்ற எண்ணுள்ள படிவத்தை நிரப்பச் செய்து, 1998 முதல் நடைமுறையில் உள்ள தேசியப் பின்னணிச் சோதனையை நடத்திய பிறகே ஒப்படைக்க முடியும். ஆகவே விற்பவருக்கு இருக்கும் விருப்பத்தெரிவு எல்லாம் அந்த வணிகரின் கல்லாமேசை வரை பொருளைக் கொண்டுசேர்ப்பது எப்படி என்பதில் மட்டுந்தான்; அதற்கு அப்பால் விருப்பத்தெரிவு எதுவும் கிடையாது.

இக்கட்டுரை, தம் சொந்தச் சேகரிப்பிலிருந்து ஒன்றிரண்டு துப்பாக்கிகளை எப்போதாவது விற்பவருக்கானது. லாப நோக்கில் திரும்பத் திரும்ப வாங்கி விற்பவர் தாமே உரிமம் பெற்றாக வேண்டும். உரிமம் இல்லாமல் அதைச் செய்வது கூட்டாட்சிக் குற்றம். உதாரணத்துக்கு, ஒஹாயோவில் வசிக்கும் ஒருவர் 600 டாலர் மதிப்புள்ள வேட்டை ரைஃபிள் ஒன்றையும் அதே மதிப்புள்ள கைத்துப்பாக்கி ஒன்றையும் டெக்சஸில் உள்ளவர்களுக்கு விற்க உடன்பட்டிருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். விலை ஒன்றே என்றாலும் இரண்டுக்கும் வழி ஒன்றல்ல.

ரைஃபிளை அவர் தாமே அஞ்சலில் அனுப்பலாம். உரிமம் இல்லாதவர் ரைஃபிளையோ ஷாட்கன்னையோ எந்த மாநிலத்து வணிகருக்கும் அமெரிக்க அஞ்சல் துறை மூலம் அனுப்ப அனுமதி உண்டு. துப்பாக்கியில் தோட்டா இருக்கக் கூடாது. அதே பெட்டியில் தோட்டா வைக்கவும் கூடாது, ஏனெனில் தோட்டாக்களை அஞ்சலில் அனுப்புவதற்கே தடை இருக்கிறது. உள்ளே இருப்பது இன்னதென்று பெட்டியின் வெளிப்புறத்தில் எழுதக் கூடாது. வழிநெடுகக் கண்காணிப்பும் பெறுபவரின் கையொப்பமும் உள்ள சேவையையே தேர்ந்தெடுக்க வேண்டும். செலவைப் பார்த்தால் இதுவே மலிவான வழி. ஆயினும் இரண்டு குறைகள் உண்டு. சாதாரண முன்னுரிமை அஞ்சலோடு இலவசமாக வரும் காப்பீடு 100 டாலர் மட்டுமே. மீதி மதிப்புக்குத் தனியே கட்டணம் கட்டிக் காப்பீட்டை உயர்த்தாவிட்டால், பொருள் தொலைந்தால் 100 டாலருக்கு மேற்பட்ட இழப்பு முழுவதும் அனுப்பியவர் தலையில்தான் விழும். இன்னொன்று, பல வணிகர்கள் தனிநபர்களிடமிருந்து நேராக வரும் பெட்டிகளை ஏற்பதில்லை. யாரிடமிருந்து வந்தது என்பதைப் பதிவேட்டில் எழுத வேண்டிய கடமை அவருக்கு இருப்பதால், அனுப்பியவரின் ஓட்டுநர் உரிமத்தின் நகல் பெட்டிக்குள் இல்லையென்றால் அவருக்குத் தலைவலி. அனுப்பும் முன் அவரை அழைத்து, தனிநபரிடமிருந்து ஏற்பீர்களா என்று கேட்டுவிடுவது பெட்டி திரும்பி வருவதைத் தவிர்க்கும்.

கைத்துப்பாக்கியில் நிலைமை வேறு. 1927-ஆம் ஆண்டுத் தடை அரசமைப்புக்கு உகந்ததா என்பது இப்போது சர்ச்சைக்கு உள்ளாகியிருக்கிறது. எனினும் நடப்பு விதி இன்னது என்று அஞ்சல் துறையிடம் எழுத்தில் பார்த்து உறுதி செய்யாமல் தனிநபர் எவரும் கைத்துப்பாக்கியை அஞ்சலில் போட முனையக் கூடாது. தனியார் நிறுவனங்களோ ஒரு காலத்தில் இதற்கு வழி தந்தன: ஓரிரவில் சென்றடையும் விமானச் சேவைக்குரிய கட்டணத்தைக் கட்டினால் யுபிஎஸ்ஸும் ஃபெடெக்ஸும் தனிநபரின் கைத்துப்பாக்கியை வணிகருக்கு எடுத்துச் சென்றன. இன்று இரண்டு நிறுவனங்களும் உரிமம் பெற்று, தங்களோடு தனி ஒப்பந்தமும் செய்துகொண்ட வணிகர்களிடமிருந்து மட்டுமே துப்பாக்கிகளை ஏற்கின்றன. பழைய வழிகாட்டிகள் பல இந்த மாற்றத்தைக் கண்டுகொள்ளாமல் இன்னமும் சுற்றி வருகின்றன. உள்ளே இருப்பதைச் சொல்லாமல் ‘இயந்திர உதிரிபாகம்’ என்று எழுதி அனுப்பிவிடலாமே என்று அறிவுரை கூறுவோரும் உண்டு. அது நிறுவனத்தின் விதியை மீறுவது, காப்பீட்டை வெற்றுத்தாளாக்குவது, பெறுபவர் உரிமம் இல்லாதவராக இருந்தால், சரக்கு நிறுவனத்துக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும் என்ற கூட்டாட்சிச் சட்டத்தையும் மீறுவது. அதை ஒரு வழியாகவே கணக்கில் எடுத்துக்கொள்ளத் தேவையில்லை.

எஞ்சுவது உள்ளூர் வணிகர். ஒஹாயோக்காரர் கைத்துப்பாக்கியைத் தம் ஊரில் உரிமம் பெற்ற கடை ஒன்றில் கொடுத்தால், அக்கடை அதைத் தன் பதிவேட்டில் ஏற்றி டெக்சஸ் வணிகருக்கு அனுப்பும். உரிமம் பெற்ற வணிகர் இன்னொரு வணிகருக்குக் கைத்துப்பாக்கியை அஞ்சலிலேயே அனுப்ப அஞ்சல் துறை தனிப் படிவத்தின் பேரில் அனுமதிப்பதால், சேவைக் கட்டணத்தைச் சேர்த்தாலும் மொத்தச் செலவு பலர் அஞ்சுவது போல் உயர்ந்துவிடுவதில்லை. கட்டணம் கடைக்குக் கடை மாறும். சிலர் முன்பின் அறியாத வாடிக்கையாளருக்கு இதைச் செய்து தருவதே இல்லை. ஆயினும் இவ்வழியில் விற்பவருக்குக் கிடைப்பது வெறும் பொட்டலச் சேவை அன்று. துப்பாக்கி தம் கையை விட்டுப் போன நாளும், அது யாரிடம் போனது என்பதும், சட்டப்படி பேணப்படும் ஒரு பதிவேட்டில் ஏறிவிடுகின்றன. பல ஆண்டுகள் கழித்து அந்தத் துப்பாக்கி ஏதேனும் ஒரு குற்றத்தில் அகப்பட்டு, காவல் துறை அதன் எண்ணை வைத்துத் தடம் பிடித்து வரும்போது, இந்த ஒரு வரிக்கு இருக்கும் மதிப்பு தெரியும். அதனால்தான் ரைஃபிளையும் தாமே அனுப்பாமல் வணிகரிடமே கொடுத்துவிடுவது நல்லது என்று நான் கருதுகிறேன். மிச்சப்படும் சில டாலர்களுக்காக அந்த வரியை விட்டுக்கொடுப்பது சிக்கனம் ஆகாது.

இதையே இன்னும் ஒரு படி மேலே கொண்டுபோனால், கடையிலேயே வைத்து விற்றுத் தரச் சொல்லலாம். விற்பனை விலையில் 10 முதல் 20 சதவீதம் வரை கழிவு கேட்பது வழக்கம். 600 டாலர் பொருளில் அது உறுத்தும். 4,000 டாலர் மதிப்புள்ள பழைய சேகரிப்புத் துப்பாக்கியில், வாங்குபவரோடு பேரம், ஏமாற்றுக்காரர்களின் அஞ்சல்கள், பணப் பரிமாற்ற அச்சம் ஆகிய அனைத்தையும் வணிகரே சுமப்பதால், அது நியாயமாகவே தோன்றும். ஆனால் அதிகம் பேசப்படாத ஒரு விதி உண்டு: விற்காமல் போனால் உரிமையாளர் தம் துப்பாக்கியையே திரும்பப் பெறுவதற்கும் 4473 படிவத்தை நிரப்பிப் பின்னணிச் சோதனைக்கு உட்பட வேண்டும்.

விற்பவரும் வாங்குபவரும் ஒரே மாநிலத்தில் வசித்தால் அனுப்பும் வேலையே இல்லாமல் நேரில் கைமாற்றலாம். கூட்டாட்சிச் சட்டம் அங்கே பின்னணிச் சோதனையைக் கட்டாயமாக்கவில்லை. கலிபோர்னியா, கொலராடோ, வாஷிங்டன், நெவாடா, நியூயார்க் போன்ற மாநிலங்களின் சட்டங்கள் கட்டாயமாக்கியிருக்கின்றன. கட்டாயமில்லாத மாநிலங்களில் இதுவே எளிய வழி என்று எண்ணத் தோன்றும். 2012 அக்டோபரில் விஸ்கான்சினின் புரூக்ஃபீல்ட் நகரில், குடும்ப வன்முறைத் தடையாணை காரணமாகத் துப்பாக்கி வைத்திருக்கும் உரிமையை இழந்த ஒருவர், இணைய விளம்பரத்தைப் பார்த்துத் தனிநபர் ஒருவரிடம் கைத்துப்பாக்கி வாங்கி, தம் மனைவி உள்ளிட்ட மூன்று பெண்களைக் கொன்றார். விளம்பரத்தை வெளியிட்ட தளத்தின் மீது தொடரப்பட்ட வழக்கு 2019-இல் அம்மாநில உச்ச நீதிமன்றத்தில் தோற்றது; தளங்களுக்கு இணையச் சட்டம் தரும் பாதுகாப்பே அதற்குக் காரணம். விற்கும் தனிநபருக்கு அத்தகைய கவசம் கிடையாது. வாங்குபவர் தடை செய்யப்பட்டவர் என்று அறிந்தோ, அப்படி நம்புவதற்கு நியாயமான காரணம் இருந்தும் பொருட்படுத்தாமலோ விற்றால் குற்றம் அவருடையது. ஆகவே நேரில் விற்பதானாலும் ஒரு வணிகரின் கடையில் சந்தித்து, பெரும்பாலும் 25 முதல் 50 டாலருக்குள் அடங்கும் கட்டணத்தைக் கட்டிச் சோதனையை முடித்து ஒப்படைப்பதே தக்கது. உண்மையில் அனைத்து வழிகளிலும் சிறந்தது இதுதான்: அனுப்புதலும் இல்லை, காத்திருப்புக் காலம் விதிக்காத மாநிலங்களில் காத்திருத்தலும் இல்லை, பணமும் பொருளும் ஒரே மேசையில் கைமாறுகின்றன. தக்க வாங்குநர் சொந்த மாநிலத்தில் கிடைத்தால் விலையில் சற்று விட்டுக்கொடுத்தாவது இதை எடுத்துக்கொள்ளலாம்.

பணத்துக்கு வருவோம். இணையத்தில் மற்றப் பொருள்களை விற்றுப் பழகியவருக்கு முதலில் நினைவுக்கு வருவது பேபால். அதன் பயன்பாட்டு விதிகள் துப்பாக்கிகளையும் தோட்டாக்களையும் சில உதிரிபாகங்களையும் தடை செய்கின்றன. அதற்குச் சொந்தமான வென்மோவும் அவ்வாறே. குறிப்பில் ‘நண்பருக்கு’ என்று எழுதித் தப்பிக்கப் பார்த்தால் கணக்கு முடக்கப்பட்டு, அதிலிருக்கும் மற்றப் பணமும் மாட்டிக்கொள்ளலாம். வங்கிக்கு வங்கி உடனடியாகப் பணம் மாற்றும் ‘ஸெல்’ (Zelle) போன்ற சேவைகளில், பணம் வந்தால் பொதுவாகத் திரும்பாது என்பது விற்பவருக்கு வசதிதான். அதே காரணத்தால் முன்பின் அறியாத விற்பனையாளருக்கு அப்படிப் பணம் அனுப்ப அறிவுள்ள வாங்குநர் தயங்குவார். தயங்காமல் அனுப்புகிறவரின் கணக்கு திருடப்பட்டதாக இருந்தால் அந்தப் பணம் பின்னர் பறிபோகவும் கூடும்.

கடன் அட்டை வாங்குபவருக்கு மிகப் பாதுகாப்பானது, ஏனெனில் பொருளில் குறை இருந்தால் வங்கியிடம் முறையிட்டுப் பணத்தைத் திரும்பப் பெறலாம். விற்கும் தனிநபருக்கு அது எட்டாக்கனி. துப்பாக்கி வணிகத்தை ஏற்கும் அட்டைச் சேவைக் கணக்கு வணிகர்களிடமே இருக்கிறது. ஆகவே அட்டை வேண்டும் என்று வாங்குபவர் வற்புறுத்தினால், விற்பவரின் வணிகர் மூலம் அட்டையில் பெற்று, ஏறத்தாழ 3 சதவீதக் கழிவைப் பிடித்துக்கொண்டு மீதியைக் காசோலையாகத் தரச் சொல்லலாம். எல்லா வணிகரும் இதற்கு இசைவதில்லை.

இந்தச் சந்தையில் இன்றும் கோலோச்சுவது தபால் மணியார்டர்தான். நம்மூரில் தபால்காரர் வீட்டுக்கு வந்து பணம் எண்ணிக் கொடுத்த பழைய முறையோடு இதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம்: அமெரிக்காவில் அது முன்பணம் கட்டி வாங்கப்படும் ஒரு காகித ஆவணம், பணம் அஞ்சலகத்தில் ஏற்கெனவே கட்டப்பட்டுவிட்டதால், காசோலையைப் போலக் கணக்கில் பணமில்லை என்று திரும்பாது. உள்நாட்டு மணியார்டர் ஒன்றின் உச்சவரம்பு 1,000 டாலர்; அதற்கு மேல் வேண்டுமானால் ஒன்றுக்கு மேற்பட்டவற்றை வாங்கலாம், ஒரே நாளில் 3,000 டாலரோ அதற்கு மேலோ வாங்கினால் அடையாளச் சான்று காட்டித் தனிப் படிவம் நிரப்ப வேண்டும். போலிகள் உண்டு. வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் பெஞ்சமின் ஃப்ராங்க்ளினின் நீர்க்குறி உருவமும், அஞ்சல் துறையின் பெயரெழுத்துகள் கொண்ட பாதுகாப்பு இழையும் தெரிய வேண்டும். ஆனால் கண்ணால் பார்ப்பதை விட உறுதியான சோதனை, அதை வங்கியில் போடாமல் அஞ்சலகச் சாளரத்துக்கே எடுத்துச் சென்று பணமாக மாற்றுவது. சிறிய அஞ்சலகங்களில் கையிருப்பு போதாமல் போகலாம். அதைத் தவிர இதில் குறையேதும் எனக்குத் தென்படவில்லை. பணம் கைக்கு வந்த அன்றே துப்பாக்கியை அனுப்பலாம். மேலும், மோசடிக்கு அஞ்சலைப் பயன்படுத்துவது கூட்டாட்சிக் குற்றம் என்பதால், ஏமாற்றப்பட்டவர் அஞ்சல் துறையின் சொந்தப் புலனாய்வுப் பிரிவிடமே முறையிட முடியும்.

வங்கியே பொறுப்பேற்று எழுதித் தரும் கேஷியர்ஸ் செக் தோற்றத்தில் இதைவிடக் கம்பீரமானது, ஆபத்திலும் அப்படியே. விதிப்படி வங்கிகள் அத்தகைய காசோலையின் தொகையைப் பொதுவாக அடுத்த வேலைநாளிலேயே கணக்கில் காட்டிவிடுகின்றன. தொகை கணக்கில் தெரிவது வேறு, காசோலையை எழுதிய வங்கி பணத்தைக் கொடுத்து முடிப்பது வேறு. இந்த இடைவெளியில்தான் மோசடி குடியிருக்கிறது. காசோலை போலி என்பது ஓரிரு வாரம் கழித்துத் தெரியவரும்போது வங்கி தொகையை விற்பவரின் கணக்கிலிருந்து எடுத்துக்கொள்ளும். துப்பாக்கியோ அதற்குள் போயிருக்கும். பேசிய விலையை விடக் கூடுதலாக எழுதி அனுப்பி, ‘மிகுதியைத் திருப்பி அனுப்புங்கள்’ என்று கேட்பவர் அனேகமாக மோசடிக்காரர்தான். இவ்வகைக் காசோலையை ஏற்பதானால், எழுதிய வங்கியின் தொலைபேசி எண்ணைக் காசோலையிலிருந்து எடுக்காமல் தாமே தேடி அழைத்து உறுதிப்படுத்த வேண்டும். சாதாரணக் காசோலை வந்தால், பத்து வேலைநாள்கள் கழியும்வரை துப்பாக்கியை அனுப்பாமல் வைத்திருப்பது சேகரிப்பாளர்களிடையே நெடுங்கால வழக்கம். அதை முன்கூட்டியே விளம்பரத்தில் எழுதிவிடுவார்கள். 1963-இல் ரிவால்வர் போன வழியான, பொருளைப் பெறும்போது பணம் தரும் ஏற்பாடு, இப்போது நடைமுறைக்கு ஒவ்வாது. பெட்டியைப் பெறுபவர் வாங்குநர் அல்லர், வணிகர். மற்றவரின் விலையை அவர் ஏன் தம் கைக்காசிலிருந்து கட்ட வேண்டும்?

இப்போது இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் வரிசை தானாக அமைந்துவிடுகிறது. முதலில் டெக்சஸ் வணிகர் தம் உரிமத்தின் நகலை நேராக அனுப்ப வேண்டும். வாங்குபவர் அனுப்பும் நகல் திருத்தப்பட்டதாக இருக்கக்கூடும். உரிம எண்ணின் முதல் மூன்று இலக்கங்களையும் கடைசி ஐந்தையும், துப்பாக்கி உரிமங்களை வழங்கும் கூட்டாட்சி முகமையான ஏடிஎஃப்பின் இணையச் சோதனைப் பக்கத்தில் கொடுத்தால், உரிமம் நடப்பில் உள்ளதா, முகவரி எது என்பவை தெரியும். பெட்டி அந்த முகவரிக்கே போக வேண்டும். ‘கடை இடம் மாறிவிட்டது, வீட்டுக்கு அனுப்புங்கள்’ என்ற மடல் வந்தால் விற்பனையை அங்கேயே நிறுத்திவிடலாம். அடுத்து மணியார்டர் வந்து பணமாக வேண்டும். அதன் பிறகே துப்பாக்கி ஒஹாயோ வணிகரின் கைக்குப் போக வேண்டும்.

டெக்சஸுக்குப் பதில் வாங்குநர் கலிபோர்னியாவில் இருந்தால் கணக்கே மாறிவிடும். அம்மாநிலத்தின் அங்கீகாரப் பட்டியலில் இல்லாத கைத்துப்பாக்கியை வெளிமாநிலத்திலிருந்து வரவழைத்துச் சாதாரண வாங்குநரிடம் ஒப்படைக்க அங்குள்ள வணிகரால் இயலாது; பத்துத் தோட்டாக்களுக்கு மேல் கொள்ளும் மேகசினையும் உடன் அனுப்பக் கூடாது; அனுப்பும் வணிகர் கலிபோர்னிய நீதித் துறையிடமிருந்து ஒப்புதல் எண் ஒன்றையும் முன்னதாகப் பெற வேண்டும். பேரம் முடியும் முன்பே பெறும் வணிகரிடம் துப்பாக்கியின் வகையையும் மாதிரியையும் சொல்லிக் கேட்டுவிட வேண்டும்.

பெரும்பாலான உடன்பாடுகளில் விடுபட்டுப்போகும் ஒன்று, வாங்குபவர் பின்னணிச் சோதனையில் தேறாவிட்டால் என்ன செய்வது என்பது. அமெரிக்கத் தமிழரிடையே இது வெறும் கற்பனை அன்று: எச்-1பி போன்ற தற்காலிக விசாவில் இருப்பவர் வேட்டை உரிமம் உள்ளிட்ட சில விதிவிலக்குகளுக்குள் வராவிட்டால் துப்பாக்கி வாங்கவோ வைத்திருக்கவோ முடியாது, நிரந்தர வசிப்புரிமை அட்டை (கிரீன் கார்டு) உள்ளவருக்கு அந்தத் தடை இல்லை. சோதனையில் மறுக்கப்பட்டால் டெக்சஸ் வணிகர் துப்பாக்கியை ஒஹாயோக்காரரின் வீட்டுக்கு நேராகத் திருப்பி அனுப்ப முடியாது. அது ஒஹாயோ வணிகரிடம் வந்து, உரிமையாளரே படிவம் நிரப்பிச் சோதனைக்குப் பின் பெற வேண்டும். இரு வணிகர்களின் கட்டணம், இருவழி அனுப்பும் செலவு, காப்பீடு ஆகியவற்றை யார் ஏற்பது, பணத்தில் எவ்வளவு திரும்பும், எத்தனை நாளுக்குள் திரும்பும் என்பவற்றை, மணியார்டர் எழுதப்படும் முன்பே இருவரும் எழுத்தில் ஒப்புக்கொண்டிருக்க வேண்டும்.